வானூர்தி செய்யும் கைகள்

(கழகத்தின் வெள்ளிவிழாவையொட்டி நடைபெற்ற இளைஞர் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

     

"இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனம்: அதன் வரலாறும் குறிக்கோளும்" என்பது எனக்கு அளிக்கப்பட்டுள்ள தலைப்பு. கல்விக் கழகத்தின் விழாவில் விமானத் தொழிற்சாலையைப் பற்றிய பேச்சு எதற்கு என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். படிப்பு என்றால் பட்டம், பட்டம் என்றால் அலுவலக நாற்காலி என்று எண்ணும் பழக்கம் நம்மிடையே இன்னும் நீங்கவில்லை. ஒரு பொருளைச் செய்யத் தெரிந்துகொள்வதும் கல்வியே. அதனை வடிவமைக்கத் தெரிந்துகொள்வது உயர் கல்வி. செய்கின்ற பொருளின் உயிர்நிலை பிறர் கையில் இருந்துவிட்டால் என்ன நேரும் என்பதை இந்நிறுவனத்தின் வரலாறு மிகத் தெளிவாகக் காட்டுகிறது. நாட்டிற்குப் பொருந்தும் அந்தப் பாடம் நம் சமுதாயத்திற்கும் பொருந்தும் என்பதனாலேயே இத்தலைப்பை மகிழ்ந்து ஏற்றேன்.

தோற்றம்

வால்சந்த் ஹீராசந்த் என்பவர் 1882-இல் சோலாப்பூரில் பிறந்த தொழிலதிபர். வெள்ளையர் ஆட்சியிலேயே கப்பல் போக்குவரத்து நிறுவனத்தைத் தொடங்கி, ஆங்கிலேயக் கம்பெனிகளோடு போட்டியிட்டவர். அவர் 1939-இல் ஒரு விமானப் பயணத்தின்போது வில்லியம் பாலி என்னும் அமெரிக்கரைச் சந்தித்தார். சீனாவில் விமானத் தொழிற்சாலை நடத்திவந்தவர் பாலி. அந்தச் சந்திப்பிலிருந்தே, இந்தியாவில் விமானம் செய்யும் எண்ணம் உருப்பெற்றது. அவ்வாண்டில்தான் இரண்டாம் உலகப்போரும் மூண்டிருந்தது.

தொழிற்சாலைக்கு இடம் வேண்டுமே! மைசூர் சமஸ்தானம் முன்வந்தது. அப்போது திவானாக இருந்தவர் சர் மிர்சா இஸ்மாயில். சமஸ்தானம் நிலம் கொடுத்தது; பங்கு முதலும் போட்டது. 1940-ஆம் ஆண்டு டிசம்பர் 23-ஆம் நாள், "இந்துஸ்தான் ஏர்கிராப்ட் லிமிடெட்" என்னும் பெயரில் பெங்களூரில் நிறுவனம் பதிவு செய்யப்பட்டது.

பெங்களூர் ஏன் ஏற்ற இடமாயிற்று? கடற்கரையிலிருந்து தொலைவில் இருந்தமையால் அது பகைவர் தாக்குதலுக்கு எளிதில் எட்டாத ஊர். 1909 முதல் இந்திய அறிவியல் கழகம் அங்கே இருந்தது. மலிவான நீர்மின்சாரமும் கிடைத்தது. இவ்விடத்தில் நாம் சற்று நின்று நினைக்கவேண்டிய செய்தி ஒன்று உண்டு. மைசூர் நாட்டின் சிவசமுத்திரம் நீர்மின் நிலையம் 1902-இல் தன் மின்சாரத்தை முதன்முதலில் அனுப்பியது பெங்களூருக்கு அன்று; கோலார் தங்கச் சுரங்கத்திற்கே! அந்தச் சுரங்கத்தில் இறங்கி உழைத்தவர்களுள் பெரும்பகுதியினர் வட ஆர்க்காட்டுப் பகுதியிலிருந்து சென்ற நம் மக்கள். அவர்கள் வெட்டிய பொன்னுக்காக வந்த மின்சாரமே பின்னர் பெங்களூர் நகரத்திற்கும் நீண்டது. மைசூர் நாட்டின் தொழில் வளர்ச்சிக்குப் போட்ட அடித்தளத்தில் நம் முன்னோரின் வியர்வையும் கலந்திருக்கிறது.

போர்க்காலப் பட்டறை

தொடக்கத்தில் செய்யப்பட்டவை அமெரிக்க விமானங்களே. ஹார்லோ என்னும் பயிற்சி விமானம், கர்ட்டிஸ் ஹாக் என்னும் போர் விமானம், வல்ட்டி என்னும் குண்டுவீச்சு விமானம் ஆகியவற்றின் பாகங்கள் கடல் கடந்து வந்தன. அவை பெங்களூரில் பொருத்தப்பட்டன. 1941 ஆகஸ்டில் முதல் ஹார்லோ விமானம் பறந்தது. வரைபடமும் பாகமும் அயல்நாட்டவருடையவை. பொருத்திய கைகள் மட்டும் நம் நாட்டவருடையவை. ஆயினும் தொடக்கம் தொடக்கமே.

1941 மார்ச்சில் இந்திய அரசும் பங்குதாரராகச் சேர்ந்தது. ஜப்பானியப் படைகள் பர்மாவிற்குள் நுழைந்துவிட்ட 1942-இல் அரசு, வால்சந்தின் பங்குகளை வாங்கிக்கொண்டு நிர்வாகத்தையும் ஏற்றது. 1943 முதல் போர் முடியும் வரையில், அத்தொழிற்சாலை அமெரிக்க விமானப்படையின் பழுதுபார்க்கும் நிலையமாகவே இயங்கிற்று. புதிய விமானம் கட்டும் வேலை நின்றது. இஃது ஒரு தாழ்வுபோலத் தோன்றும். ஆனால் பல்வகை விமானங்களையும் எஞ்சின்களையும் பிரித்து, துடைத்து, தேய்ந்ததை நீக்கி, மீண்டும் பூட்டிய அந்த ஆண்டுகளிலேதான் ஆயிரக்கணக்கான இந்தியத் தொழிலாளர் தொழிலின் நுட்பத்தைக் கற்றனர். பள்ளிக்கூடமாகத் திறக்கப்படாமலே அந்தப் பட்டறை ஒரு பள்ளிக்கூடமாயிற்று.

கழித்த பொருளுக்கு உயிர் தந்தோர்

அந்தப் பள்ளியின் முதல் தேர்வு நாடு விடுதலை பெற்றபின் வந்தது. போர் முடிந்து வெளியேறியபோது, லிபரேட்டர் என்னும் பெரிய குண்டுவீச்சு விமானங்கள் பலவற்றைக் கான்பூரில் விட்டுச்சென்றனர். விட்டுச்சென்றது மட்டுமன்று, யாரும் அவற்றை மீண்டும் பறக்கவிடக் கூடாது என்னும் எண்ணத்துடன் சிதைத்தும் சென்றனர். பார்த்தவர்கள் அதைப் பழைய இரும்புக் குவியல் என்றே கருதினர்.

பெங்களூர்த் தொழிலாளர்கள் அங்கே சென்றனர். ஒன்றில் இல்லாத பாகத்தை மற்றொன்றிலிருந்து எடுத்தனர். பறக்குமளவிற்கு மட்டும் செப்பனிட்டனர். நிறுவனத்தின் சோதனை விமானி ஜம்ஷெட் முன்ஷி அவற்றை ஒவ்வொன்றாகப் பெங்களூருக்கு ஓட்டிவந்தார். அங்கே முழுமையாகப் புதுப்பிக்கப்பட்ட 40-க்கும் மேற்பட்ட விமானங்கள் இந்திய விமானப்படையிற் சேர்ந்தன. 1948-இல் அவற்றைக் கொண்டே கனரகக் குண்டுவீச்சுப் பிரிவு அமைந்தது. உலகின் பிற நாடுகள் அவ்வகை விமானத்தைக் கைவிட்ட பின்னரும் 1968 வரையில் அவை இந்திய வானத்திற் பறந்தன.

உதவாது என்று ஒருவர் கழித்ததை, உதவும் என்று நிலைநாட்டியவர் கல்வியால் தேர்ந்த தொழிலாளர். இந்நிகழ்ச்சியின் பொருளை இந்த அவையில் உள்ளவர்களுக்கு நான் விரித்துரைக்கத் தேவையில்லை. உதவாதவர் என்று கழிக்கப்பட்ட மக்களின் வழித்தோன்றல்கள் அல்லவா நாம்!

விடுதலைக்குப் பின் விமான வேலை குறைந்திருந்த காலத்தில் நிறுவனம் சோர்ந்துவிடவில்லை. பேருந்துகளுக்குக் கூடு கட்டியது. முழுதும் உலோகத்தாலான இரயில் பெட்டிகளைச் செய்தது. அந்த இரயில் பெட்டிப் பிரிவே பின்னர்த் தனியே பிரிந்து, 1964-இல் நிறுவப்பெற்ற பாரத் எர்த் மூவர்ஸ் நிறுவனத்தின் கருவாயிற்று. அந்நிறுவனத்தின் பெரிய தொழிற்சாலைகளுள் ஒன்று கோலார் தங்கவயலிலேயே அமைந்தது. பொன் வெட்டிய ஊரில் இயந்திரம் செய்யும் தொழிலும் வேரூன்றியது. 2001-இல் சுரங்கம் மூடப்பட்டபோது, வேறொரு தொழிலைக் கைவரப்பெற்றவருக்கு இருந்த ஊன்றுகோல் மற்றவருக்கு இருந்ததா என்பதை எண்ணிப் பாருங்கள்.

நம் நாட்டு வடிவம்

விஷ்ணு மாதவ் கட்கே என்பவர் 1908-இல் பிறந்தவர். ஜெர்மனியின் கெட்டிங்கன் நகரில், காற்றியக்க அறிவியலின் தந்தையருள் ஒருவராகிய லுட்விக் பிராண்ட்ல் என்பாரிடம் பயின்றவர். 1940-இலேயே இந்நிறுவனத்திற் சேர்ந்துவிட்டார். அவர் தலைமையில் இந்தியரே வடிவமைத்த எச்.டி.2 என்னும் பயிற்சி விமானம் 1951 ஆகஸ்டில் முதன்முறையாகப் பறந்தது. 150-க்கும் மேற்பட்ட விமானங்கள் அவ்வகையிற் கட்டப்பட்டன. நம் விமானப்படையின் இளம் விமானிகள் பல தலைமுறையினர் அதில் ஏறிக் கற்றனர். புதிதாக விடுதலை பெற்ற ஆப்பிரிக்க நாடான கானாவிற்கும் அது சென்றது.

அதனைத் தொடர்ந்து, பறக்கும் கழகங்களுக்கெனப் புஷ்பக் என்னும் சிறு விமானமும், படையின் நோட்டப் பணிக்கெனக் கிருஷக் என்னும் விமானமும், 1964-இல் கிரண் என்னும் ஜெட் பயிற்சி விமானமும் உருவாயின. மாணவர்களே, இங்கே ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். எச்.டி.2-இன் உடல் நம்முடையது. உள்ளிருந்த எஞ்சின் பிரிட்டனுடையது. பயிற்சி விமானமாதலால் இக்குறை அன்று பெரிதாகத் தெரியவில்லை. அது பெரிதாகத் தெரிந்த நாள் விரைவிலேயே வந்தது.

மாருத் தந்த பாடம்

இரண்டாம் உலகப்போரில் ஜெர்மனியின் புகழ்பெற்ற போர் விமானத்தை வடிவமைத்தவர் கூர்ட் டாங்க். இந்திய அரசின் அழைப்பை ஏற்று, 1956-இல் தம் நாட்டுப் பொறியாளர் குழுவுடன் பெங்களூருக்கு வந்தார். ஒலியின் வேகத்தைப்போல் இரு மடங்கு வேகத்திற் செல்லும் போர் விமானம் ஒன்றைப் படைப்பதே இலக்கு. அதற்கு மாருத் என்று பெயர். மாருதம் என்றால் காற்று.

வேண்டிய ஆய்வுக்கூட வசதிகள் அந்நாளில் இல்லை. ஆகவே முழு அளவில் மரத்தாலேயே ஒரு மாதிரியைச் செய்தனர். அதற்கு எஞ்சின் இல்லை. டகோட்டா விமானத்தால் அதனை வானத்திற்கு இழுத்துச் சென்று, மேலே விட்டு, அது மிதந்து இறங்கும் பாங்கை 1959 முதல் பலமுறை சோதித்தனர். 1961 ஜூன் 17-ஆம் நாள் உண்மையான மாருத் விமானம் பறந்தது. ஓட்டியவர் சுரஞ்சன் தாஸ். ஆசியாவில் அந்நாளில் மிகச் சில நாடுகளுக்கே கைகூடிய செயல் அது.

ஆனால் நடந்தது என்ன? மாருத்தின் உடல், பிரிட்டனில் உருவாகவிருந்த ஆற்றல்மிக்க ஓர் எஞ்சினை நம்பி வரையப்பட்டது. அந்த எஞ்சின் திட்டத்தைப் பிரிட்டிஷ் அரசு கைவிட்டது. அதனை வளர்த்து முடிக்க வேண்டிய பொருட்செலவை ஏற்க இந்திய அரசும் முன்வரவில்லை. கிடைத்ததோ ஆற்றல் குறைந்த எஞ்சின். மாற்று எஞ்சினுக்காகச் சோவியத் நாட்டை நாடினர். எகிப்து நாட்டில் உருவாகிவந்த எஞ்சினைப் பூட்டி அந்நாட்டிலேயே சோதித்தும் பார்த்தனர். ஒன்றும் கைகூடவில்லை. இருக்கும் எஞ்சினுக்கே கூடுதல் ஆற்றல் ஊட்டும் முயற்சியில் ஈடுபட்டபோது, 1970 ஜனவரி 10-ஆம் நாள் நிகழ்ந்த விபத்தில் சுரஞ்சன் தாஸ் உயிர் நீத்தார். பெங்களூரில் அவர் பெயரால் ஒரு சாலை வழங்குகிறது.

ஒலியைப்போல் இரு மடங்கு விரைய வேண்டிய விமானம், ஒலியின் வேகத்தை ஒட்டியே நின்றுவிட்டது. அப்படியிருந்தும் அது சோர்ந்துவிடவில்லை. 1971 டிசம்பர்ப் போரில் இராஜஸ்தான் எல்லையில் தரைத்தாக்குதலில் ஈடுபட்ட மாருத் விமானங்களுள் சில தரையிலிருந்து சுடப்பட்டு வீழ்ந்தன. வான்சண்டையில் பகை விமானத்திடம் ஒன்றுகூட வீழவில்லை. மொத்தம் 147 விமானங்கள் கட்டப்பட்டன. 1990-இல் அவை ஓய்வு பெற்றன.

அந்த 1971 போரின்போது நாட்டின் பாதுகாப்பு அமைச்சராக இருந்தவர் பாபு ஜகஜீவன்ராம் என்பதை நீங்கள் அறிவீர்கள். அதற்கும் முன்பு, 1953-இல் தனியார் விமானப் போக்குவரத்துக் கம்பெனிகள் நாட்டுடைமையாக்கப்பட்டபோது அத்துறை அமைச்சராக இருந்தவரும் அவரே. ஒடுக்கப்பட்ட குடியில் தோன்றிய ஒருவர் நாட்டின் வான்துறையில் இருமுறை தம் முத்திரையைப் பதித்திருக்கிறார்.

இளைஞர்களே! மாருத்தின் வரலாறு உங்கள் நெஞ்சில் நிற்க வேண்டும். சிறகு நம்முடையது, உடல் நம்முடையது, ஓட்டியவர் நம்மவர். எஞ்சின் மட்டும் பிறருடையது. அந்த ஒன்று இல்லாமற்போகவே, மற்ற அனைத்தும் இருந்தும் எட்ட வேண்டிய உயரம் எட்டப்படவில்லை. இரவல் எஞ்சின், கொடுப்பவர் மனம் மாறும் வரையில்தான் ஓடும்.

உரிமம் பெற்றுச் செய்த காலம்

1962-ஆம் ஆண்டு எல்லைப் போருக்குப் பின், விரைந்து விமானங்கள் தேவைப்பட்டன. சோவியத் நாட்டின் மிக்-21 விமானத்தை உரிமம் பெற்று இங்கேயே கட்டுவதற்கென 1963-இல் தனியாக ஓர் அரசு நிறுவனம் தொடங்கப்பட்டது. உடற்பகுதிக்கு நாசிக், எஞ்சினுக்கு ஒரிசாவின் கோராபுட், மின்னணுக் கருவிகளுக்கு ஐதராபாத் என்று மூன்று இடங்களில் வேலை பகுக்கப்பட்டது. 1964 அக்டோபர் முதல் நாள் இரு நிறுவனங்களும் இணைக்கப்பட்டன. இன்று நாம் அறியும் இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனம் அன்றுதான் அப்பெயர் பெற்றது. போக்குவரத்து விமானம் கட்டிவந்த கான்பூர்த் தொழிற்சாலையும் அதன் குடும்பத்திற் சேர்ந்தது.

கோராபுட் தொழிற்சாலை எழுந்த இடம் பழங்குடி மக்கள் வாழ்ந்த மலைநிலம். தொழிற்சாலைக்காக நிலத்தை விட்டு வெளியேறியவர்கள் அவர்கள். நாட்டின் பெருமையைப் பேசும்போது, அப்பெருமைக்கு விலை கொடுத்தவர்களையும் சேர்த்தே பேசுவதுதான் நேர்மை.

600-க்கும் மேற்பட்ட மிக்-21 விமானங்களை இந்நிறுவனம் கட்டியது. அரை நூற்றாண்டிற்கு மேல் நாட்டைக் காத்த அவ்விமானங்கள் 2025 செப்டம்பர் 26-ஆம் நாள் சண்டிகரில் விடைபெற்றன. பிரிட்டனின் நாட் விமானமும், ஜகஜீவன்ராம் மீண்டும் பாதுகாப்பு அமைச்சராக இருந்தபோது 1978-இல் முடிவு செய்யப்பட்ட ஜாகுவார் விமானமும், பிரான்சு நாட்டு ஹெலிகாப்டர்களும் இவ்வாறே உரிமம் பெற்றுக் கட்டப்பட்டன.

உரிமம் பெற்றுக் கட்டுவதால் நன்மை உண்டு; எல்லையும் உண்டு. ஒரு பாகத்தை எப்படிச் செய்வது என்பதை உரிமம் கற்றுத்தரும். அது ஏன் அந்த அளவில், அந்த உலோகத்தில், அந்த வளைவில் இருக்கிறது என்பதை அது கற்றுத்தராது. "எப்படி" என்பதை அறிந்தவன் நல்ல தொழிலாளி. "ஏன்" என்பதையும் அறிந்தவனே அடுத்த விமானத்தை வரைய வல்லவன். நம் பள்ளிகளில் விடையை மனப்பாடம் செய்யும் மாணவனுக்கும், வழியை உணர்ந்து கணக்கைப் போடும் மாணவனுக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

துருவும் தேஜசும்

"ஏன்" என்பதை அறியும் முயற்சி மீண்டும் தொடங்கியது. நம் நாட்டில் உருவான துருவ் ஹெலிகாப்டர் 1992 ஆகஸ்டில் முதன்முறை பறந்தது. பின்னாளில் அதற்கென, சக்தி என்னும் எஞ்சினைப் பிரான்சு நாட்டுக் கம்பெனியோடு சேர்ந்து இந்நிறுவனமே உருவாக்கியது. எஞ்சினை விலைக்கு வாங்கியவர்கள் அதன் ஆக்கத்திற் பங்குகொள்ளும் நிலைக்கு உயர்ந்தனர். மலைமுகட்டுப் போருக்கு ஏற்ற பிரசண்ட் என்னும் ஹெலிகாப்டர் 2022 அக்டோபரில் படையிற் சேர்ந்தது. 2023 பிப்ரவரியில் கர்நாடகத்தின் தும்கூர் அருகே புதிய ஹெலிகாப்டர்த் தொழிற்சாலை திறக்கப்பட்டது.

தேஜஸ் என்னும் இலகு போர் விமானத்தை வடிவமைக்கும் பொறுப்பு விமான வளர்ச்சி முகமையிடம் இருந்தது. கட்டும் பொறுப்பு இந்நிறுவனத்திடம். 1998-இல் இந்தியா அணுகுண்டுச் சோதனை நடத்தியதும் அமெரிக்கா தடை விதித்தது. விமானத்தின் பறப்பைக் கட்டுப்படுத்தும் கணினி முறையை உருவாக்க அமெரிக்காவிற்குச் சென்றிருந்த நம் பொறியாளர்கள் வெளியேற்றப்பட்டனர். கதவு அடைபட்டதும் அவர்கள் பெங்களூருக்குத் திரும்பி, அந்த வேலையைத் தாமே செய்து முடித்தனர். 2001 ஜனவரி 4-ஆம் நாள் தேஜஸ் பறந்தது. கதவை அடைத்தவர்கள் அறியாமலே நமக்கு ஆசிரியராயினர்!

2016-இல் தேஜஸ் விமானப்படையிற் சேர்ந்தது. அதன் முதல் அணியும் இரண்டாம் அணியும் நம் கோவையை அடுத்த சூலூர்த் தளத்தில் நிலைகொண்டன. 2021-இல் 83 விமானங்களுக்கும், 2025 செப்டம்பரில் மேலும் 97 விமானங்களுக்கும் அரசு ஒப்பந்தம் செய்தது.

ஆயினும் பழைய முள் இன்னும் காலில் தைத்தே இருக்கிறது. தேஜசுக்கெனக் காவேரி என்னும் எஞ்சினை ஆக்கும் வேலை 1989-இல் பெங்களூரின் மற்றோர் ஆய்வு நிலையத்தில் தொடங்கியது. போதிய ஆற்றல் கைகூடாமையால் 2008-இல் அது தேஜசிலிருந்து விலக்கப்பட்டது. இன்று தேஜசில் இருப்பது அமெரிக்க எஞ்சின். 2021 ஒப்பந்தப்படி 2024-இல் தொடங்க வேண்டிய ஒப்படைப்பு காலங்கடந்ததற்கு, அந்த எஞ்சின்கள் உரிய காலத்தில் வாராமை ஒரு முதன்மைக் காரணம். நிறுவனத்தின் வேகத்தைப் பற்றியும் படைத்தலைமை வெளிப்படையாகவே குறை கூறியது. மாருத் தந்த பாடம் அறுபதாண்டு கடந்தும் முழுமையாகக் கற்று முடிக்கப்படவில்லை.

குறிக்கோள்

இந்நிறுவனம் தன் குறிக்கோளாக வகுத்துக்கொண்டுள்ளது தற்சார்பு. வடிவமைத்தல், வளர்த்தெடுத்தல், உற்பத்தி செய்தல், மேம்படுத்தல், பராமரித்தல் ஆகிய ஐந்திலும் தற்சார்பு என்று அது கூறுகிறது. இவ்வைந்தையும் வரலாற்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நிறுவனம் கற்ற வரிசை இதற்கு நேர் எதிரானது! முதலில் பழுதுபார்த்துப் பராமரிக்கக் கற்றது. அடுத்து உரிமம் பெற்று உற்பத்தி செய்யக் கற்றது. பின்னர் மேம்படுத்தக் கற்றது. வடிவமைப்பில் இன்னும் கற்றுக்கொண்டிருக்கிறது. அடியிலிருந்து ஏறுகிறவர்களின் வழி எப்போதும் இதுதான். கடைசிப் படியில் தொடங்கியது இழிவாகாது. அங்கேயே அமர்ந்துவிடுவதுதான் இழிவு.

நமக்குரிய பாடம்

அரசு இத்தொழிற்சாலையை ஏற்ற அதே 1942-இல்தான் அண்ணல் அம்பேத்கர் அரசப் பிரதிநிதியின் ஆட்சிக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினரானார். போர்க்காலத் தொழில்நுட்பப் பயிற்சித் திட்டம் அவருடைய துறையின் பொறுப்பில் இருந்தது. அவ்வாண்டு அக்டோபரில் அவர் அரசப் பிரதிநிதியிடம் அளித்த விண்ணப்பத்தை நீங்கள் தேடிப் படிக்க வேண்டும். கலைப் படிப்பும் சட்டப் படிப்பும் மட்டும் தாழ்த்தப்பட்ட மக்களை உயர்த்திவிடா; அறிவியலிலும் தொழில்நுட்பத்திலும் உயர்நிலைக் கல்வியே அவர்களுக்கு வேண்டும் என்று அதில் அவர் வாதிட்டார். அதற்கு உதவித்தொகை கேட்டார். அரசின் தொழிற்பட்டறைகளில் பயிற்சி கேட்டார். 1943-இல் மைய அரசுப் பணிகளில் நம் மக்களுக்கு 8.33 விழுக்காடு இடம் ஒதுக்கப்பட்டது. 1944 முதல் உதவித்தொகை வந்தது. 1970-இல் அந்த ஒதுக்கீடு 15 விழுக்காடாயிற்று. பொதுத்துறை நிறுவனங்களுக்கும் அது உரியதாயிற்று. தொழிற்பழகுநர் சட்டத்தில் 1973-இல் செய்யப்பட்ட திருத்தம், பழகுநர் இடங்களிலும் நமக்குப் பங்கு வகுத்தது. இரும்பும் நெருப்பும் நம் கைக்குப் புதியவை அல்ல. ஆனால் அவற்றோடு கணக்கும் வரைபடமும் சேர்ந்த உழைப்பிற்கே மதிப்பு என்னும் நிலையில், அவ்விரண்டையும் நமக்கு மறுத்த கதவு இவ்வாறுதான் திறக்கப்பட்டது.

ஆனால் திறந்த கதவு என்றும் அதே அகலத்தில் இராது. 2018 முதல் இந்நிறுவனத்தின் பங்குகள் சந்தையில் விற்கப்படுகின்றன. பெரும்பகுதிப் பங்கு அரசிடம் இருப்பினும், விமானத்தின் பல பகுதிகளைத் தனியார் நிறுவனங்கள் செய்து தருகின்றன. தேஜசின் சிறகு இன்று கோவையில் ஒரு தனியார் தொழிற்சாலையில் உருவாகிறது. அங்கே ஒதுக்கீட்டுச் சட்டம் இல்லை. அதற்காகக் குரல் கொடுப்பது நம் உரிமை. அக்குரலை நாம் ஒருநாளும் தாழ்த்தக் கூடாது. அதே வேளையில், எந்த வாயிலிலும் எவரும் மறுக்க முடியாத திறனைப் பெறுவது நம் கடமை.

எனவே உங்களுக்குச் சில சொற்கள். தொழிற்பயிற்சி நிலையத்தில் பிட்டராகவோ டர்னராகவோ வெல்டராகவோ சேரும் தம்பிமார்களும் தங்கைமார்களும் அதனை இரண்டாந்தரக் கல்வி என்று எண்ணற்க. ஒரு விமானச் சிறகில் ஆயிரக்கணக்கான ரிவெட் ஆணிகள் உள்ளன. அடித்தவர் கையும் சோதித்தவர் கண்ணும் பிசகாமல் இருந்தால்தான் விமானி வீடு திரும்புவான். ஆனால் அந்தப் படியோடு நின்றுவிடாதீர்கள். மாலைநேரக் கல்லூரி உண்டு, பட்டயப் படிப்பு உண்டு, பொறியியல் உண்டு. குரோம்பேட்டையிலுள்ள சென்னைத் தொழில்நுட்பக் கழகத்தில் விமானப் பொறியியல் பயின்று, இந்நிறுவனத்தில் எஞ்சின்களைப் பிரித்துப் பூட்டும் பயிற்சியாளராக இருந்த இராமேசுவரத்துப் படகோட்டியின் மகன் அப்துல் கலாம், பின்னர் நாட்டின் குடியரசுத் தலைவரானார். கையில் எண்ணெய்க் கறை படிந்ததால் அவர் பெருமை குறையவில்லை.

பெற்றோர்களே! பிள்ளைகள் கணக்கிலும் அறிவியலிலும் பின்தங்கினால், "நமக்கு இது வராது" என்று சொல்லாதீர்கள். வராது என்பது பிறர் நமக்குக் கற்பித்த சொல். கழகப் பொறுப்பாளர்களே! உங்கள் மாலை வகுப்புகளில் கணக்கிற்கும் அறிவியலுக்கும் முதலிடம் தாருங்கள். இந்தக் கால் நூற்றாண்டில் எழுத்தறிவு என்னும் வாயிலைத் திறந்துவிட்டீர்கள். அடுத்த கால் நூற்றாண்டின் கேள்வி வேறு: தொழிற்சாலைக்குள் நம் பிள்ளைகள் எத்தனை பேர் என்பதோடு, வடிவமைப்பு மேசையின் முன் எத்தனை பேர் என்றும் நாம் கணக்குக் கேட்க வேண்டும்.

ஒதுக்கீடும் உதவித்தொகையும், மரத்தாலான மாருத்தை வானத்திற்கு இழுத்துச் சென்ற விமானத்தைப் போன்றவை. அவை இன்றி நாம் தரையை விட்டு எழுந்திருக்க முடியாது. அவை நம் உரிமை. ஆனால் உயரத்தை அடைந்தபின் தொடர்ந்து பறக்க, உள்ளே ஓர் எஞ்சின் வேண்டும். அதை எவரும் இரவல் தரமாட்டார், தந்தாலும் நிலைக்காது. அந்த எஞ்சின், ஐயந்திரிபறக் கற்ற கல்வி.